இடது பக்க பிரேக்

நவம்பர் 16

கோகிலா வாங்கி அனுப்பிய நோட்டு இது. "ரோட்டுல போறவங்களத் திட்டறத விட்டுட்டு, கோபம் வந்தா இதுல எழுதுங்கப்பா. பிரஷருக்கும் நல்லது" என்று போனில் சொன்னாள். மகள் சொல்லைத் தட்ட முடியுமா? அதுவும் மாசமாக இருக்கிற நேரத்தில். ஆனால் ஒன்று, உடுமலை ரோட்டில் போகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த ஒரு நோட்டு காணாது.

நான் நாச்சிமுத்து. 'நாச்சிமுத்து டிரைவிங் ஸ்கூல்' என்றால் இந்தப் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினேன். இந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற கைகளில் பாதி நான் பிடித்துப் பழக்கிய கைகள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஸ்கூலை மூடிவிட்டு ஒரே ஒரு வெள்ளை மாருதியை மட்டும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். ஆள் பழக்குகிற வண்டி அது. இடது பக்கம் வாத்தியார் உட்காருகிற இடத்திலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பழகுகிறவன் சொதப்பினால் நாம் மிதித்து நிறுத்திக்கொள்ளலாம். மெக்கானிக் இஸ்மாயில் பாய், "இதக் கழட்டிரட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குச் சோறு போட்ட சாமான்.

இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்து வருகிறவள் என் மனைவி மயிலாத்தாள். ஏறினதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள், கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. அப்புறம் ஆரம்பிப்பாள். "பாத்துங்க." "இக்கட்ட ஆடு வருதுங்க." "மெதுக்காப் போங்க." ஊருக்கே ஓட்டக் கற்றுக் கொடுத்தவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம்!

இன்றைக்குச் சந்தைக்குப் போகும்போது இடது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மொபட்காரன் எங்கிருந்தோ முளைத்தான். அவனைப் பார்த்ததுதான் தெரியும், வண்டி நின்றிருந்தது. நான் நினைப்பதற்கு முன்னால் என் கால் வேலையை முடித்துவிட்டது. அனுபவம் என்றால் சும்மாவா? மயிலுக்கு அந்த அருமை எங்கே தெரிகிறது. முந்தானையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தக்காளி வாங்கோணுமுங்க" என்றாள்.

கோகிலாவுக்கு மாசி மாதம் பிரசவம். கோயமுத்தூரில்தான் டாக்டர் பார்க்கிறார். பிள்ளை பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் இங்கே கூட்டி வர வேண்டும். இப்போதே எழுதி வைக்கிறேன். என் பேரப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வருவது இந்த நாச்சிமுத்து ஓட்டுகிற வண்டியில்தான். வாடகைக் கார் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

நவம்பர் 20

பஸ்காரன், லாரிக்காரன், மொபட்காரன் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு இடது பக்கமாகவே வருகிறார்கள்.

நவம்பர் 27

கேஸ் சிலிண்டர் வந்தது. தேங்காய் பறிக்கிற ஆள் இன்றும் ஏமாற்றிவிட்டான்.

காலையில் காப்பி டம்ளர் கை பட்டுக் கவிழ்ந்துவிட்டது. மேசையின் இடது ஓரத்தில் கொண்டுபோய் வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? மனுஷன் கண்ணுக்கு நேராக வைக்கத் தெரியாதா என்று கத்தினேன். மயில் துடைத்தாள். முந்தாநாள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். இந்த வீட்டைக் கட்டின கொத்தனார் வாசலைக் குறுகலாக வைத்துவிட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் பழைய மாணவன் ஒருவன் எழுந்து கும்பிட்டான். "மாஸ்டர், நின்ன பஸ்ஸத் தாண்டறப்ப அடியில பாரு, காலு தெரியும்னு சொல்லிக் குடுத்தீங்களே, அது இன்னும் மறக்கலீங்க" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பது வருஷமும் நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். வண்டி ஓட்டுகிறது காலும் கையும் இல்லை, கண். ரோட்டில் பந்து உருண்டால் பின்னாலேயே பிள்ளை ஓடி வரும். கன்றுக்குட்டி குறுக்கே போனால் தாய் மாடு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். வரிசையாகக் கல் வைத்திருந்தால் சோளம் காய்கிறது என்று அர்த்தம். சோளம் காய்ந்தால் அங்கே ஆள் குனிந்திருப்பார்கள். வருகிறதற்கு முன்னால் பார்க்கிறவன் டிரைவர். வந்த பிறகு பார்க்கிறவன் வெறும் சாட்சி.

இதை மயிலிடமும் சொன்னேன். "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

டிசம்பர் 5

வண்டியில் ஏதோ கோளாறு. பிரேக் திடீரென்று பிடிக்கிறது. நான் லேசாகக் கூட மிதிக்கவில்லை, கப்பென்று நிற்கிறது. இந்த வாரம் இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்திருந்தது, அதனால் நல்லதாகப் போயிற்று. அதற்காக வண்டி தன் இஷ்டத்துக்கு நிற்கலாமா?

இஸ்மாயில் பாயை வீட்டுக்கே வரச் சொன்னேன். சக்கரத்தைக் கழற்றி, அடியில் படுத்து, ஒரு சுற்று ஓட்டியும் பார்த்துவிட்டு வந்தார்.

"பிரேக்கு பூ மாதிரி இருக்கு மாஸ்டர். ஒரு குத்தமும் இல்ல."

"அப்புறம் ஏன் பாய் தானாப் புடிக்குது?"

அவர் இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். "இங்கிட்டு பிரேக் ரப்பர் நல்லாத் தேஞ்சு போயிருக்கே. யாருக்காச்சும் டிரெய்னிங் குடுக்கறீங்களா?"

"நான் எங்க குடுக்கறேன். அது பழைய ரப்பர்."

மோர் கொண்டு வந்த மயில் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் வைத்திருந்தாளாம். பாய் அவள் போன பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மோரைக் குடித்துவிட்டுக் கூலி வாங்காமல் போய்விட்டார். மனுஷனுக்கும் வயதாகிறது. கோளாறு கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 13

மயிலுக்குக் கெண்டைக்கால் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொள்ளாச்சி போய் வந்ததிலிருந்து வலியாம். ஓட்டினவன் நான், கால்வலி பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளுக்கு! சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிசம்பர் 19

மயில் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஏறிப் போய், கம்ப்யூட்டரில் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, பாஸாகி வந்திருக்கிறாள்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு அம்மிணி?"

"சும்மா கெடக்கட்டுமுங்க. ஆகாதுங்களா?"

ஆகாது என்று எப்படிச் சொல்வது? 'பெண்களுக்கும் சிறந்த முறையில் கற்றுத் தரப்படும்' என்று போர்டு எழுதி வைத்தவன் நான். ஆனால் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாளும் சாவியைக் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

ஜனவரி 3

பேனா சரியில்லை. எழுத்து கோணலாக வருகிறது.

மயில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் புண்ணாக்கு வாங்க வண்டி எடுத்தேன். நம் ஊர் ரோட்டில் பாதி தாரை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் நடக்கிற கூத்து. களம் எதற்கு இருக்கிறது? சுற்றிலும் வண்டி ஏறாமல் இருக்கக் கல் வேறு வைத்துவிடுவார்கள். சோளத்தை அள்ளுவார்கள், கல்லை மட்டும் ரோட்டுக்கே விட்டுவிடுவார்கள்.

இடது பக்கம் ஒரு பெண் சீமாறு வைத்துச் சோளத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாளாம். 'இருந்தாளாம்' என்றுதான் எழுத முடியும். நான் பார்க்கவில்லை. சக்கரம் கல்லில் ஏறின சத்தம் கேட்டது. ஒரு அலறல் கேட்டது. வண்டி நிற்கவில்லை. இத்தனை நாள் தானாக நின்ற வண்டி இன்றைக்கு நிற்கவே இல்லை. நான் மிதித்து நிறுத்துவதற்குள் சோளத்தின் மேலேயே பாதி தூரம் போய்விட்டது.

அவள் வேலி ஓரம் எகிறி விழுந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை. எழுந்து வந்தவள் வாய்க்கு வந்தபடி கேட்டாள். "கண்ணு என்ன பொடனீலயா இருக்குது? இத்தாசோடு ஆளு நிக்கறேன், தெரியலியா? நானும் கண்ணாலத்துக்கு நிக்கற பொண்ண வெச்சிருக்கறனாக்கும்!"

நானும் பதிலுக்குக் கத்தினேன். ரோடு உன் அப்பன் வீட்டுக் களமா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். சாவியை ஆணியில் மாட்டினேன்.

மயிலிடம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 5

சொல்ல வேண்டியதே இல்லை. மயில் காலையில் வாசல் தெளிக்கப் போனவள் வண்டியின் முன்பக்கம் குனிந்தாள். பம்பர் இடுக்கிலிருந்து ஒரு பிடி மக்காச்சோளமும் உடைந்த சீமாற்றுக் குச்சிகளும் எடுத்தாள். கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நாளானிக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"என் கண்ணுக்கு என்ன? தூரத்துல வர்ற பஸ்ஸு நம்பரப் படிச்சுச் சொல்றேன், பாக்கறயா?"

"தூரம் தெரியுதுங்க. இடது பக்கம்?"

அவள் சோளத்தைக் கோழிக்குப் போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கன்னாச் சரி. இல்லாட்டி இனி அந்த வண்டியில நான் ஏறமாட்டேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கறாராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 7

பஸ்ஸில் போனோம். ஒரு பெரிய குண்டான் மாதிரி மெஷின். அதற்குள் முகத்தை வைத்து, விளக்கு மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். பாதி நேரம் அவர்கள் விளக்கே போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் பழுது என்று அந்த நர்ஸ் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ செய்யலாம் சார்" என்றாள். இன்னொரு தடவையும் பழுதாகத்தான் இருந்தது.

டாக்டர் நேற்றுப் படித்து முடித்த பையன் மாதிரி இருக்கிறார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் போட வேண்டும். வண்டியைப் பற்றியும் ஏதோ சொன்னார். மயில் கேட்டுக்கொண்டாள்.

ஜனவரி 8

சொட்டு மருந்து எரிகிறது.

ஜனவரி 11

இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

கண்ணாடிக் கூட்டைக் காணோம் என்று வண்டியில் தேடினேன். இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, தலையைக் குனிந்தேன். கண்ணுக்கு நேராக இரண்டு பெடல். கிளச்சின் மேல் மூன்று வருஷத் தூசி படிந்திருந்தது. விரலால் கோடு கிழித்தால் தெரியும், அவ்வளவு. பக்கத்திலேயே பிரேக். அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ரப்பர் வழவழவென்று தேய்ந்து, நடுவில் ஒரு பெருவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. செருப்பில்லாத காலின் பெருவிரல்.

நான் வண்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தை ரோட்டு மொபட்காரன். பொள்ளாச்சியில் முட்டப் போன சைக்கிள். மடத்துக்குளம் பிரிவில் குறுக்கே வந்த கன்றுக்குட்டி. அனுபவம், அனுபவம் என்று நான் மீசையை முறுக்கினதெல்லாம் அவள் கால்.

உள்ளே போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா மிதிக்கற?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "போன ஆடியில இருந்துங்க."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வண்டிய நிறுத்திப் போட்டுட்டு மூலையில உக்காந்துக்குவீங்க. நீங்க வண்டி ஓட்டற அழகப் பாத்துத்தான் எங்கப்பா கட்டிக் குடுத்தாரு. அத எப்படீங்க நிறுத்தச் சொல்றது? அதான் நானும் கூடச் சேந்து ஓட்டிக்கிட்டேன்."

வெங்காயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவள் உரித்துக்கொண்டிருந்தாள், அழுதது நான். அன்றைக்கு அந்தச் சோளக்காரி எகிறிக் குதிக்காமல் போயிருந்தால்? நேற்று வரைக்கும் அந்த நினைப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பக்கப் பார்வை போய்விட்டது, போனது வராது, மிச்சத்தை மருந்து காப்பாற்றும், இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அந்தச் சின்ன டாக்டர் சொன்னது இதுதான். எழுதிவிட்டேன்.

ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வெங்காயத் தட்டில் வைத்தேன். "எந்திரி அம்மிணி. பேரப்புள்ள நாச்சிமுத்து வண்டியில வர்றதுல மாத்தம் இல்ல. ஓட்டறது நீ."

ஜனவரி 15

பொங்கல் முடிந்து வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். சாயங்காலம் முதல் ஓட்டம். கண்டிஷன் ஒன்று போட்டேன். பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"ஆடு. ஆட்டுக்காரன் அக்கட்ட இருக்கறான். ஆடு அவங்கிட்டப் போகும். நிக்கறேன்." நின்றாள். ஆடு குறுக்கே போயிற்று. "நின்ன கார். உள்ள ஆளிருக்குது. கதவு தொறந்தாலும் தொறக்கும். தள்ளிப் போறேன்." கதவு திறந்தது! இவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? முப்பது வருஷமாக மாணவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சமையலறையில் இருந்தபடியே கேட்டு வைத்திருக்கிறாள்.

கியர்தான் தகராறு. மூன்றாவதுக்குப் பதில் முதலாவதைப் போட்டாள். வண்டி மாடு மாதிரி கத்தியது. நானும் கத்தினேன்.

ஜனவரி 18

சண்டை. பெரிய சண்டை.

ஒவ்வொரு சந்து முனையிலும் என் கால் என்னை அறியாமல் இடது பக்க பிரேக்கை மிதித்துவிடுகிறது. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். மயில் வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருகி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டறது நீங்களா, நானா?"

"நீ கொழந்த மாதிரி ஓட்டுனா..."

"நான் மிதிச்சப்ப ஒரு தடவையாச்சும் வேணாத எடத்துல மிதிச்சேனுங்களா? முட்டப் போறப்ப மட்டுந்தான் மிதிச்சேன். மித்த நேரமெல்லாம் காலக் கட்டிக்கிட்டு உசுரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீங்களும் அப்படி உக்காரப் பழகுங்க, மாஸ்டர்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை. இன்று கூப்பிட்ட அழகைப் பாருங்கள்.

ஜனவரி 21

புது சீமாறு ஒன்று வாங்கிக்கொண்டு அந்தச் சோளக்காரி இருக்கிற இடத்துக்குப் போகச் சொன்னேன். எங்கள் வண்டியைக் கண்டதும் கூட்டிக்கொண்டிருந்தவள் சீமாற்றைப் போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடினாள். மயில் தூரத்திலேயே நிறுத்தினாள். நான் இறங்கிப் போய், "தப்பு என்னுதுதானம்மா. எனக்குப் பக்கம் தெரியறதில்ல. ஆஸ்பத்திரியில சொல்லிப் போட்டாங்க" என்றேன்.

அவள் சீமாற்றை வாங்கித் தட்டிப் பார்த்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்தக்கா ஓட்டுனாச் சரி" என்றாள். அப்புறம், "நாங்களும் கல்ல எடுக்காம உட்டுட்டுப் போறது தப்புத்தானுங்க" என்று அவளாகவே சொன்னாள்.

ஜனவரி 27

பாஸ்! பாஸ்! பாஸ்!

இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மயில் பழக்க தோஷத்தில் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டாளாம். "அக்கட்ட பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. மெதுக்காப் போறேனுங்க." அவர் கடைசி வரை சிரித்துக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது, "இந்த மாதிரி ஓட்டறவங்க பக்கத்துல நான் நம்பித் தூங்கிருவேன்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். மைதானத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்த நான் விசிலடித்தேன். இந்த வயதில் விசில் வருகிறது!

வீட்டுக்கு வரும் வழியில் மயிலுக்கு வாக்குக் கொடுத்தேன். இனி என் கால் அந்த பிரேக்கைத் தொடாது. வாய் மட்டும் வேலை செய்யும்.

"அது என்னைக்குச் சும்மா இருந்துச்சு" என்றாள்.

பிப்ரவரி 9

மயில் ஓட்டி, இரண்டாவது முறையாகப் பொள்ளாச்சி போய் வந்தோம். அவள் பக்கத்தைப் பார்க்கிறாள். நான் தூரத்தைப் பார்க்கிறேன். இளநீர் குடித்தோம்.

பிப்ரவரி 17

பேத்தி! காலையில் போன் வந்தது. அடித்துப் பிடித்துப் பஸ்ஸில் போனோம். பதற்றத்தில் இருக்கிறவள் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பேத்திக்கு என் மூக்கு. பாவம்தான், ஆனால் என் மூக்கு.

வெளியே காப்பி வாங்கிக்கொண்டு வந்தவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். உள்ளே கோகிலா பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா மனசு நோகும்னு தெரியும்மா. ஆனா அவரு ஓட்டுனா இவளத் தூக்கிட்டு நான் ஏறமாட்டேன். கண்ணு அப்படி இருக்கறப்ப எப்படிம்மா? உங்க மாப்பிள்ளையவே கார் புடிக்கச் சொல்றேன்."

காப்பியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் நியாயத்தைத்தான் பேசுகிறாள், என் மகள்.

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு நாங்க வண்டியோட வர்றோம். வந்து பாரு. அப்புறம் ஏறு, ஏறாமப் போ" என்றாள் மயில். என் கண் விஷயத்தைப் போனில் சொன்னவள், லைசென்ஸ் எடுத்த விஷயத்தை இன்னும் மகளிடம் சொல்லவில்லை. போனில் சொன்னால் கேலி செய்வாள், நேரில் காட்டுகிறேன் என்கிறாள். சம்பந்தியம்மா துணைக்கு இருக்கிறார். வீடு கழுவ நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

பிப்ரவரி 22

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி போய் நின்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த கோகிலா, டிரைவர் பக்கக் கதவு திறந்து அவள் அம்மா இறங்குவதைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடவில்லை. மாப்பிள்ளை கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். மயில் புடவைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு, "ஏறு கண்ணு, பொழுதோட போயிரலாம்" என்றாள், தினமும் இதே வேலை என்கிற மாதிரி. கோகிலா சிரித்தாள், அழுதாள், ஏறிவிட்டாள். மாப்பிள்ளையும் அவளும் பின்னால். நான் இடது பக்கம், வாத்தியார் சீட்டில்.

பொள்ளாச்சி வரைக்கும் லாரிக் கூட்டம். மயில் ஒருத்தனையும் முந்தவில்லை. மட்டை ஏற்றின டெம்போவிலிருந்து தேங்காய் மட்டை ஒன்று உருண்டு விழுந்தது. விழுவதற்கு முன்பே அவள் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தாள். "கயிறு தளந்து கெடந்துச்சுங்க" என்றாள். மாப்பிள்ளை பின்னாலிருந்து, "அத்தே, நீங்க வேற லெவல்" என்றார்.

நம் ஊர் ரோட்டுக்குத் திரும்பும்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். எங்கள் பின்னாலேயே ஒரு பால் வண்டி ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி ஒட்டிக்கொண்டு வந்தது.

முன்னால் இடது ஓரம் வரிசையாகக் கல். சோளத்தை அள்ளிவிட்டார்கள், கல் அப்படியே கிடக்கிறது. கல்லுக்கு விலகினால் வலப்பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கம் எதிரே வந்த டவுன் பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கார் தாராளமாகப் போகிற இடம் இருந்தது. எல்லோரும் போவார்கள். பால் வண்டிக்காரன் போ, போ என்று அலறவிட்டான்.

நான் பஸ்ஸுக்கு அடியில் பார்த்தேன். அந்தப் பக்கம் இரண்டு கால். சின்னக் கால், வெள்ளை சாக்ஸ். பஸ்ஸின் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, பஸ்ஸுக்கு அடியில காலு."

"இக்கட்ட இன்னொரு புள்ள நிக்குதுங்க. கையக் காட்டி அவளக் கூப்புடுது."

அந்த இன்னொரு பிள்ளை எனக்குத் தெரியவே இல்லை. என் கண்ணுக்கு இடது பக்கம் வெறும் வெளிச்சம்தான். ஆனால் கேட்ட மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூப்பிடுகிறவள் இங்கே, ஓடுகிற கால் அங்கே. நடுவில் நாங்கள். பின்சீட்டில் பிறந்து ஐந்து நாளான குழந்தை.

என் வலது கால் எழுந்தது. நான் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. பெடலுக்கு மேலே நின்றது. உயிரை அந்தக் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயில் எத்தனை மாதம் இப்படி உட்கார்ந்து வந்தாளோ!

வண்டி அதற்கு முன்பே வேகம் குறைந்திருந்தது. குலுங்கவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கமே, பஸ்ஸின் மூக்குக்கு முன்னால், அமைதியாக நின்றது. நான் காலை மெல்லத் தரையில் இறக்கினேன்.

நின்ற அடுத்த நொடி பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு சிறுமி பாட்டிலை ஆட்டிக்கொண்டு அம்பு மாதிரி பாய்ந்து வந்து எங்களுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோழியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் அந்த இடைவெளிக்குள் போயிருந்தால்... வேண்டாம், அதை எழுத மாட்டேன். நடக்கவில்லை. நடக்க விடவில்லை என் மயில்!

பின்னால் பால் வண்டி கிறீச்சிட்டு நின்றது. அவன் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தான். பிள்ளை ஓடினதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இறங்கி வந்தவன் என்னைக் கண்டு கையைக் கூப்பினான். என்னிடம் பழகினவன்தான்.

"மாஸ்டர், நல்லவேளை, நீங்க ஓட்டுனதால..."

"நான் எங்கப்பா ஓட்டுனேன்? அங்க பாரு. என்னோட மாஸ்டர் ஓட்டறாங்க."

மயில் அதற்குள் இறங்கி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ரோட்டிலிருந்த கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வேலிக்கு எறிந்துகொண்டிருந்தாள். "ஹாரன் அடிச்ச கை சும்மாத்தான இருக்குது? வந்து தூக்கு" என்றாள் அவனிடம். அவன் தூக்கினான். மாப்பிள்ளை தூக்கினார், நான் தூக்கினேன், பஸ் கண்டக்டர் கூட வந்து இரண்டு தூக்கினார். ரோடு சுத்தமாயிற்று. கோகிலா கண்ணாடியை இறக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று மட்டும் சொன்னாள். குழந்தை இத்தனைக்கும் கண்ணே திறக்கவில்லை.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மா ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் சுற்றினார். "டிரைவருக்கும் ஒரு சுத்து சுத்துங்க" என்றேன். மயில் வெட்கப்பட்டாள், ஆனால் பொட்டுக்கு நெற்றியைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கத்திச் சொல்லத் தோன்றியது, சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பேத்தி வீட்டுக்கு வந்தது நாச்சிமுத்து வண்டியில்தான். ஓட்டினது மயிலாத்தாள்.

பிப்ரவரி 23

சொட்டு மருந்து போட்டுக்கொண்டேன். வெந்நீர் வைத்தேன். தேங்காய் பறிக்கிற ஆள் ஒரு வழியாக வந்துவிட்டான்.

வண்டி கழுவினேன். வெளியே முடித்துவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்தேன். கிளச்சின் மேல் தூசி. பிரேக்கின் மேலும் தூசி. அந்தப் பெருவிரல் பள்ளத்துக்குள்ளே கூட மெல்லிசாக, வெள்ளையாக, ஒருத்தர் காலும் படாத தூசி.

"மயிலு! ஓடியா, இங்க வந்து பாரு!"

பேத்தியைக் குளிப்பாட்டின ஈரக் கையோடு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன தூசி கெடக்குது, இவ்வளவு நேரம் வண்டி கழுவறேன்னு என்னத்தப் பண்ணுனீங்க?" என்று துணியை எடுக்கப் போனாள்.

"தொட்டுராத அம்மிணி. அது அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.